விருந்தும் சுற்றமும்: வேங்கட நாட்டில் அடைக்கலம் புகுந்தோர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு இவ்வூர் வரலாறு பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் பணித்தபோது, கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் முன்பாக நம் நினைவில் வந்து நின்றது ஒரு பித்தளைத் தவலை. அத்தவலையின் கதையை இறுதியில் கூறுவோம். அதற்குமுன், அதனினும் மிகப் பழைய சில செய்திகளை அன்பர்கள் செவிமடுக்க வேண்டுகிறோம். நாம் மெட்ரிக்குலேஷன் வரையே பயின்றவர். பகலெல்லாம் பார்சல் பதிவேட்டோடு போராடும் ரயில்வே குமாஸ்தா. எனினும் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கோவிந்தராஜர் கோயில் கோபுரம் கண்ணில் படுகின்ற ஊரில் வேலை பார்ப்பவனுக்கு வரலாற்றின்பால் ஆசை பிறப்பதில் வியப்பில்லை அன்றோ.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பாட்டிமார் வாக்கு. வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். முகர்ந்தால் குழையும் அனிச்சத்தைக் காட்டிலும் மெல்லியது விருந்தினர் மனம் என்று அங்கே விருந்தளிப்பவருக்கு எடுத்துரைத்தார். ஆனால் விருந்தாகச் சென்று தங்குகிறவன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. மூன்று நாளில் புறப்பட்டுவிடுவான், அவனுக்கு எதற்கு அதிகாரம் என்று கருதினார் போலும். ஊரை இழந்து, வீட்டை இழந்து, எப்போது திரும்புவோம் என்று அறியாமல் பிறர் வாயிலில் வந்து நிற்பவனின் நிலை வேறு. அவனுக்கு மூன்று நாள் கணக்கு உதவாது. அவன் ஒழுகிய முறையை நூலில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவதே தகும். அவ்வாறு தேடுவோர்க்கு இந்த வேங்கட நாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது நம் எண்ணம்.

சொல்லளவிலேயே இங்கு ஒரு நயம் உண்டு. தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம் பொருள். புதியவராய் வந்தவர் விருந்தினர். தெலுங்கிலோ வீட்டிற்கு வருபவரைச் ‘சுட்டம்’ என்பார்கள். அது நம் ‘சுற்றம்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. நாம் புதியவர் என்று அழைப்பவரை அவர்கள் உறவினர் என்று அழைக்கிறார்கள். புதியவராக வந்தவர் சுற்றமாக ஆவதற்கு இடையில் நடப்பது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருமலைக் கோயிலுக்குச் செல்லும் நம் காலனித் தாய்மார் பலரும் மகாதுவாரத்தைக் கடந்து உள்ளே போகையில், முன்னே நகரும் வரிசையில் கண்ணை வைத்திருப்பார்களேயன்றித் தென்கிழக்கு மூலையைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு மண்டபம் உண்டு. அதன் பெயர் ரங்கநாயகர் மண்டபம். தெலுங்கில் ரங்கநாயகுல மண்டபம். பெரிய மனிதர்கள் வந்தால் வேத ஆசீர்வாதம் பெறுவது இப்போது அம்மண்டபத்தில்தான். வேங்கடவன் கோயிலுக்குள் அரங்கனுக்கு என்ன வேலை? இவ்வினாவிற்கு விடை கூற வேண்டுமானால் நாம் 1323-ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1311-இல் மாலிக் காபூரின் படை தென்னாட்டைச் சூறையாடிச் சென்றிருந்தது. 1323-இல் டில்லி இளவரசன் உலூக் கானின் படை மீண்டும் வந்தது. பிற்காலத்தில் முகம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்டவன் இவனே. திருவரங்கத்தில் மூலவரின் சந்நிதியைக் கல்திரை எழுப்பி மறைத்தார்கள். அழகிய மணவாளர் என்று அந்நாளில் வழங்கப்பெற்ற உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்துகொண்டு பிள்ளை உலகாசிரியர் ஒரு சிறு கூட்டத்தோடு தெற்கு நோக்கி வெளியேறினார். அப்போது அவர் முதுமையின் எல்லையில் இருந்தவர். மதுரைக்கு அருகே சோதிஷ்குடி என்னும் இடத்தில் அவர் காலம் முடிந்தது. ஆனால் பயணம் முடியவில்லை. எஞ்சியோர் திருமாலிருஞ்சோலைக்குச் சென்றனர். பிறகு மலையாள நாட்டிற்கு. அங்கிருந்து கன்னட நாட்டுத் திருநாராயணபுரத்திற்கு. இறுதியாக வடக்கே திருமலைக்கு. இவ்வழியைக் கோயிலொழுகு விரிவாகக் கூறுகிறது. ஒழுகின் ஆண்டுக் கணக்கை ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்பதில்லை. எனினும் போன வழி பெரும்பாலும் இதுவே என்பதில் ஐயமில்லை.

திருமலை அந்நாளில் செல்வச் செழிப்பில் இருந்த தலம் அன்று என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சாளுவ நரசிம்மன் அறக்கட்டளைகள் நிறுவியதும், கிருஷ்ணதேவராயர் ஏழு முறை மலையேறி வந்து பொன்னும் மணியும் சொரிந்ததும் பிற்காலத்துச் செய்திகள். பதினான்காம் நூற்றாண்டில் இது யாதவராயர் என்னும் சிற்றரசரின் காவலில், காட்டுக்கு நடுவே, கீழ்நாட்டுப் போர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஒரு கோயில். ஒதுக்கிடமாக இருந்தமையே அரங்கனுக்கு இதைப் புகலிடமாக்கிற்று. இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும் வீடு பெரும்பாலும் நடுத்தர வீடாகவே இருக்கிறது என்பதை நம் போன்ற சம்பளக்காரர்கள் அனுபவத்தில் அறிவோம்.

இந்த விருந்தினரை எங்கே இருத்தினார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் நமக்கு மிகுந்த மனநிறைவு உண்டாகிறது. வேங்கடவன் கருவறையில் அவனருகே ஆசனமிட்டு அமர்த்தவில்லை. மதிலுக்கு வெளியே ஒரு சத்திரத்திலும் விடவில்லை. மதிலுக்குள்ளே, முற்றத்தின் ஓரமாக, தனி மண்டபம் ஒன்று தந்தார்கள். ஒரே வாயில், தனி அறை! குடித்தனம் நடத்திய பெண்மணி எவரைக் கேட்டாலும் இந்த ஏற்பாட்டின் அறிவை விளக்குவார். இருவர் பூசை முறைகளும் வேறு: திருவரங்கம் பாஞ்சராத்திரம், திருமலை வைகானசம். ஒரே அடுக்களையில் இரண்டு மருமகள்கள் இரண்டு விதமாகச் சாம்பார் வைப்பது போன்ற நிலை. ஆயினும் வீட்டுக்காரரின் முறையை விருந்தினர் மாற்றவில்லை. திருமலையில் இன்றும் வைகானச முறையே நடைபெறுகிறது.

ஆண்டுகள் பல சென்றன. மதுரையில் தனி சுல்தான்கள் ஆண்டார்கள். பின்பு விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் படையெடுத்துத் தெற்கே சென்றார். அவருடைய தேவி கங்காதேவி அப்படையெடுப்பைப் பாடிய ‘மதுரா விஜயம்’ கற்றோர் அறிந்த நூல். கம்பணரின் அதிகாரியான கோபணாரியர் செஞ்சியில் இருந்தார். அவர் திருமலையிலிருந்து அரங்கனை எழுந்தருளச் செய்து, செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்தில் சில காலம் வைத்துப் பூசித்து, வழி துப்புரவானதும் திருவரங்கத்தில் மீண்டும் நிலைநிறுத்தினார். இதைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு திருவரங்கம் கோயிலில் இன்றும் உண்டு. வேதாந்த தேசிகர் அருளியது என்பது மரபு. அதில் ஆண்டை எழுத்துகளால் குறித்திருக்கிறார்கள்: ‘பந்துப்ரியே’ என்று. எழுத்துக்கு எண் வைத்துக் கணக்கிடும் கடபயாதி முறைப்படி அது சக ஆண்டு 1293. நம் கணக்கில் 1371. சொல்லாகக் கொண்டாலோ, சுற்றத்தார்க்கு இனியது என்று பொருள். எண்ணை மட்டும் காட்டுவதற்கு எத்தனையோ சொற்கள் கிடைத்திருக்கும். வீடு திரும்பிய ஆண்டிற்கு இச்சொல்லைத் தேர்ந்தவரின் மனத்தை நாம் எண்ணி எண்ணி மகிழ்வதுண்டு.

திரும்பிய இடத்திலும் ஒரு சிக்கல் காத்திருந்தது. நாற்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில் வேறோர் உற்சவ மூர்த்தியை அமைத்து வழிபட்டுக்கொண்டிருந்தார்கள். பழையவரை நேரில் கண்டவர் எவரும் மிஞ்சவில்லை. பார்வை இழந்த முதியவர் ஒருவர்தாம் இருந்தார். அவர் கோயில் வண்ணார். ஈரங்கொல்லி என்பது அவர் பணிப்பெயர். இரு மூர்த்திகளின் திருமஞ்சன ஈர ஆடைகளையும் பிழிந்து அந்நீரை உட்கொண்டு பார்த்து, ‘இவரே நம்பெருமாள்’ என்றாராம். அழகிய மணவாளராகப் போனவர் நம்பெருமாளாக நிலைத்தது அன்றுமுதல் என்று ஒழுகு உரைக்கிறது. இடையில் வந்தவரை அவர்கள் அகற்றவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் அங்கேயே இருக்கிறார். அகதியாக இருந்து மீண்ட வீட்டாருக்கு, தம் வீட்டில் தங்கியவரை வெளியேற்ற மனம் வருமா?

திருமலைக்கு வருவோம். விருந்தினர் புறப்பட்டு 650 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் வீட்டுக்காரர் அந்த அறையின் பெயரை மாற்றவில்லை.

போய் மீண்ட விருந்தின் கதை இது. போகாமலே தங்கிவிட்ட விருந்தின் கதை மலையடிவாரத்தில், நம் ரயில் நிலையத்தின் எதிரிலேயே இருக்கிறது. தில்லைத் திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராஜர் சோழ மன்னன் ஒருவன் காலத்தில் அவ்விடத்தினின்றும் அகற்றப்பட்டார். அவன் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அடியார்கள் உற்சவ மூர்த்தியைக் காத்துக்கொண்டு இங்கு வந்தார்கள் என்றும், இராமானுசர் 1130-ஆம் ஆண்டு இங்கே பிரதிஷ்டை செய்தார் என்றும் மரபு கூறும். மன்னன் பட்டமேறியது 1133 என்றால் 1130 எப்படிப் பொருந்தும் என்று நம்மைக் கேட்காதீர்கள். புலவர்களே இன்னும் தீர்க்காத வழக்கு அது. சைவ வைணவப் பூசல்களை நாம் இங்கே கிளறவும் விரும்பவில்லை. காலனியில் இரு பிரிவாரும் ஒரே குழாயடியில் நிற்கிறோம்.

நாம் கவனிக்கத்தக்கது வேறு. கோவிந்தராஜர் வந்தபோது இங்கே வீடு காலியாக இருக்கவில்லை. பார்த்தசாரதிப் பெருமாளுக்கு முன்பே அங்கு சந்நிதி இருந்தது. இன்றும் அக்கோயிலுக்குள் சென்றால் இரு சந்நிதிகளும் அருகருகே இருப்பதைக் காணலாம். ஊரார் அனைவரும் சொல்வது கோவிந்தராஜர் கோயில் என்றே. வீட்டுக்காரரைக் கேட்டால்தான் தெரியும். வந்தவர் பெயரால் வீடு வழங்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வது எளிய செயலா? வந்தவரும் தம்மால் இயன்றதைச் செய்தார் என்பது ஊரார் நம்பிக்கை: மலைமேல் இருப்பவருக்குத் தமையனாராகி, மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி, தம்பியின் கலியாணக் கடனுக்குக் காசு அளந்துகொண்டிருக்கிறாராம்! விருந்தினராக வந்தவர் வீட்டுக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று மக்கள் கதை புனைந்ததில் ஓர் உலகியல் அறிவு இருக்கிறது. பிறகு 1539-இல் அச்சுதராயர் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சந்நிதியை மீண்டும் நிறுவினார். அப்போதும் இவர் இங்கேயே இருந்துவிட்டார். நானூறு ஆண்டு குடியிருந்த பின் எந்த வீடு சொந்த வீடு என்று எவரால் கூற முடியும்?

எல்லா விருந்தும் இவ்வாறு இனிதே முடிந்ததாகக் கூறினால் அது வரலாறு ஆகாது. நம் ஊருக்கு அருகேயுள்ள சந்திரகிரிக் கோட்டையிலிருந்து ஆண்ட அரவீடு வமிசத்தின் கடைசி மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர். 1642-இல் பட்டமேறினார். ஆங்கிலேயருக்குச் சென்னையில் அளிக்கப்பட்டிருந்த உரிமையை 1645-இல் உறுதி செய்தவர் இவரே. சில ஆண்டுகளுக்குள் நாட்டை இழந்து, தம் முன்னோருக்குத் திறை செலுத்திய கெளதி நாயக்கரான சிவப்ப நாயக்கரிடமே அடைக்கலம் புகுந்தார். நாயக்கர் மரியாதை குறையாமல் ஏற்று, பேலூரைக் கொடுத்து இருத்தினார். ஆனால் வந்தவரால் தாம் மன்னர் என்பதை மறக்க இயலவில்லை. அளித்தவராலும் மன்னரைத் தம் வீட்டில் வைத்திருப்பதன் ஆதாயத்தை மறக்க இயலவில்லை. விருந்தினர் பெயரைச் சொல்லிச் சிவப்ப நாயக்கர் மைசூரார்மீது படையெடுத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். முற்றுகை பலிக்கவில்லை. மன்னருக்குச் சந்திரகிரியும் மீளவில்லை.

இனி நம் பாட்டியார் காலத்திற்கு வருவோம். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் மார்ச் 8-இல் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், அவர்களுள் தமிழர் ஏராளம், அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகவே தாயகம் நோக்கி வந்தார்கள்; வழியில் மாண்டவர்க்குக் கணக்கில்லை. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா துறைமுகங்களிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னையே என்று எல்லோரும் நம்பினர். அவசியப் பணியில் இல்லாதோர் நகரை விட்டு வெளியேறுமாறு அரசாங்கமே அறிவித்தது. உயர் நீதிமன்றம் கோயமுத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சிசாலையில் கூண்டு உடைந்தால் என்னாவது என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்ட்ரல் நிலையத்தில் வண்டியின் கூரைமேலும் ஆட்கள் இருந்ததாகப் பாட்டியார் சொல்வார்கள்.

எம் கொள்ளுப்பாட்டனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் வெளியேற இயலாது. உடன் வேலை பார்த்த தெலுங்கு அன்பர் ஒருவர், ‘சித்தூரில் என் தமையனார் இல்லம் இருக்கிறது, அனுப்புங்கள்’ என்றார். கொள்ளுப்பாட்டியாரும், அவர் மாமியாரும், மூன்று குழந்தைகளும் காட்பாடி வரை அகல ரயிலிலும், அங்கிருந்து மீட்டர் கேஜ் வண்டியிலுமாகச் சித்தூர் சென்று இறங்கினார்கள். எம் பாட்டியார்க்கு அப்போது வயது ஒன்பது. அவ்வீட்டு அம்மையாரைப் பாட்டியார் ‘பெத்தம்மா’ என்று அழைத்தார். அம்மையார் கொள்ளுப்பாட்டியாரைச் ‘செல்லெலா’ என்று தங்கை முறை வைத்து அழைத்தார். முறைப்பெயர் முதல் நாளே கிடைத்துவிட்டது. உறவு கிடைப்பதற்குச் சில மாதங்கள் ஆயின.

வாடகை தருவதாகச் சொன்னபோது வீட்டுக்காரர் முகம் சுளித்தார். ஆனால் அரிசி அப்போது எளிதாகக் கிடைக்கும் பண்டம் அன்று. பர்மா அரிசி வருவது நின்றுபோனபடியால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஐந்து வயிறு கூடுதலாக வந்த வீட்டில், கேட்காவிட்டாலும் அரிசிப் பானை கணக்குச் சொல்லும். கொள்ளுப்பாட்டனார் மாதம் ஒருமுறை வரும்போது மூட்டையில் அரிசி கொண்டுவந்து, யாரிடமும் ஒன்றும் கூறாமல், கூடத்துக் குதிரின் அருகே வைத்துவிட்டுப் போவாராம். பணமாக இருந்தால் மறுத்திருப்பார்கள். குதிரருகே இருக்கும் அரிசியை யார் திருப்பித் தருவது?

தண்ணீரில்தான் பிணக்கு வந்தது. சித்தூர்க் கோடை எத்தகையது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று எண்ணிக் கொள்ளுப்பாட்டியார் விடியுமுன் எழுந்து தம் வீட்டாருக்கு வேண்டிய நீரை இறைத்துவிடுவார். நல்லெண்ணம்தான். ஆனால் வைகாசியில் ஊற்று வற்றியபோது, இரவெல்லாம் ஊறிய தெளிந்த நீர் விருந்தினருக்கும், கலங்கிய நீர் வீட்டு மருமகளுக்கும் ஆயிற்று. எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் கிணற்றடியில் தாம்புக்கயிறு இல்லை. அவ்வளவே.

இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பாட்டியார் எங்களை, ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பார்கள். அழுதிருப்போம், கோபித்திருப்போம், தெருக்கிணற்றுக்குப் போயிருப்போம் என்று ஆளுக்கொன்று கூறுவோம். கொள்ளுப்பாட்டியார் வெறுங்குடத்தோடு அடுக்களை வாயிலில் போய் நின்று, ‘அக்கா, எனக்கு இவ்வீட்டு முறை தெரியவில்லை. எந்த வேளையில் நான் நீர் எடுக்கலாம் என்று சொல்லுங்கள்’ என்றாராம். அம்மையார் முதலில் பேசவில்லை. பிறகு கயிற்றை எடுத்துவந்து கொடுத்து, தாமும் கிணற்றடிக்கு வந்து நின்றார். அன்றுமுதல் முதற்குடம் மருமகளுக்கு, அடுத்தது விருந்தினருக்கு, மாற்றி மாற்றி என்று ஏற்பாடாயிற்று. எம் பாட்டியார் மட்டும் அன்று அடி வாங்கினார். ‘எங்கள் மெட்ராஸ் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும்’ என்று அவ்வீட்டுச் சிறுவர்களிடம் பெருமை பேசியதற்காக.

மார்கழியில் ஊர் திரும்பினார்கள். சென்னைமீது குண்டு விழுந்தது 1943 அக்டோபரில்தான். அதுவும் ஒற்றை விமானம், சிறு சேதம். புறப்படும்போது கொள்ளுப்பாட்டியார் தம் பித்தளைத் தவலையை வேண்டுமென்றே கூடத்தில் விட்டுவிட்டு வந்தார். மீண்டும் வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமன்றோ? ஆனால் சித்தூர்ப் பெத்தம்மா அடுத்த ஆண்டே அதை ஆள்வழி அனுப்பிவைத்தார். வெறும் பாத்திரமாக அனுப்பலாகாது என்று அதில் நிலக்கடலையும் வெல்லமும் நிறைந்திருந்தன. இங்கிருந்து முறுக்கும் அதிரசமுமாகத் திரும்பிப் போயிற்று. இப்படியே பத்தாண்டு அத்தவலை ரயிலில் பயணம் செய்தது. பார்சல் ரசீது போட்டிருந்தால் ரயில்வேக்கு நல்ல வருமானம்.

அதன்பின் வந்தது எல்லைச் சண்டை. ‘மதராஸ் மனதே’ என்றார்கள் ஒரு பக்கம். ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்றார்கள் மறு பக்கம். 1952 டிசம்பர் 15-இல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். அவரவர் நியாயம் அவரவர்க்கு. அதை நிறுக்க நாம் முற்படவில்லை. நாம் கூற வேண்டியது எம் வீட்டுக் குற்றம் ஒன்று. அவ்வாண்டில் பெத்தம்மாவின் மூத்த குமாரர் ஏதோ அலுவலாகச் சென்னை வந்து எம் முன்னோர் இல்லத்தில் தங்கினார். உண்ணும்போது எல்லைப் பேச்சு எழுந்தது. கூட்டத்திற்குப் போய் வந்த வேகத்தில் கொள்ளுப்பாட்டனார், ‘உங்கள் ஊரே எங்கள் ஊர்தான். நீங்கள்தாம் அங்கே விருந்தாளிகள்’ என்று சொல்லிவிட்டார். அவர் மறுமொழி கூறவில்லை. மோருக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவினார். அன்றிரவே காட்பாடி வண்டி ஏறிவிட்டார். ஒன்பது மாதம் எம்மவர்க்கு நீரும் சோறும் இட்ட வீட்டுப் பிள்ளை எம் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

தவலை அப்போது எம் பக்கம் இருந்தது, பரணில் ஏறிற்று. ஏழாண்டு இறங்கவில்லை. 1960 ஏப்ரல் 1-இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லை தீர்ந்தது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். கொள்ளுப்பாட்டியார் பரணில் ஏறித் தவலையை இறக்கிப் புளியிட்டுத் துலக்கினார். பேரப்பிள்ளைக்குத் திருமலையில் முடி இறக்கும் சாக்கில், மகளையும் அழைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சித்தூரில் இறங்கினார். கதவைத் திறந்த பெத்தம்மா தவலையையும் பார்த்தார், வந்தவர்களையும் பார்த்தார். ‘போஜனம் அயிந்தா?’ என்று மட்டும் கேட்டார். மூத்த குமாரர் மாலையில் வந்து, ஒன்றும் பேசாமல், அதே பந்தியில் அமர்ந்தார். கொள்ளுப்பாட்டியார் தம் கையாலேயே அவருக்கு மோர் ஊற்றினார். பழைய பேச்சை இரு வீட்டாரும் அதன்பின் எடுத்ததில்லை. ஆகையால் மன்னிப்பும் கேட்கப்படவில்லை. கேட்டிருக்கலாம் என்று பாட்டியார் தம் கடைசிக் காலத்தில் சொல்லியதுண்டு.

நாம் இங்கே மாற்றலாகி வந்த புதிதில் அவ்வீட்டைத் தேடிச் சென்றோம். பெத்தம்மாவின் பேரனார் இப்போது அங்கே வசிக்கிறார். கிணற்றின்மேல் சிமெண்டுப் பலகை போட்டு மோட்டார் வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டபடியால் அவர்கள் வேறு மாவட்டம், நாம் வேறு மாவட்டம். அவர் எம்மை ‘பாவா’ என்று மைத்துனர் முறை வைத்து அழைக்கிறார். எந்தக் கணக்கில் அம்முறை வருகிறது என்று இருவருக்கும் தெரியாது.

சென்ற ஆனியில் அவர் தவலை நிறையக் கிளிமூக்கு மாம்பழம் கொண்டுவந்து எம் குவார்ட்டர்ஸில் வைத்துவிட்டுப் போனார். பழம் தீர்ந்து மாதங்கள் ஆகின்றன. பொங்கலுக்கு முன்னர் அதை நிரப்பிக் காட்பாடிப் பாசஞ்சரில் நாமே எடுத்துச் செல்வதாக இருக்கிறோம். எதை வைத்து நிரப்புவது என்பதுதான் எம் இல்லத்தில் இன்னும் முடிவாகவில்லை.